சினைப்பைப் புற்றுநோயின் ஒரு வேரைக் கண்டறிந்த மருத்துவர்: ஜான் சாம்ப்சனின் வாழ்வும் பணியும்

1925-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்க அறுவை சிகிச்சை ஆய்விதழ் ஒன்றில் 72 பக்கக் கட்டுரை ஒன்று வெளியானது. மாதவிடாய்க் காலத்தில் பெண்களைக் கடுமையாக வாட்டும் ஒரு நோய், அரிதாகச் சிலருக்குச் சினைப்பைப் புற்றுநோயாகவும் மாறக்கூடும் என்பதை அக்கட்டுரை நுண்ணோக்கிச் சான்றுகளுடன் முன்வைத்தது. அதை எழுதியவர், நியூயார்க் மாகாணத்தின் தலைநகரான ஆல்பனியில் பணியாற்றிய மகளிர் நோய் அறுவை மருத்துவர் ஜான் ஆல்பர்ட்சன் சாம்ப்சன்.

எண்டோமெட்ரியோசிஸ் என்று இன்று உலகெங்கும் வழங்கும் நோய்ப்பெயரை மருத்துவ உலகில் நிலைபெறச் செய்தவரும் அவரே. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 19 கோடி பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர். அந்நோய்க்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு குறித்து அவர் வகுத்த விதிகள், நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் மருத்துவ நூல்களில் அவர் பெயராலேயே குறிப்பிடப்படுகின்றன.

பெண்களின் நிதியால் உருவான கல்லூரி

சாம்ப்சன் 1873-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று நியூயார்க் மாகாணத்தின் டிராய் நகருக்கு அருகே பிறந்தார். ஹட்சன் ஆற்றங்கரையில் அமைந்த டிராய், பிற்காலத்தில் அவர் வாழ்நாள் முழுவதும் பணியாற்றிய ஆல்பனிக்குச் சில மைல் தொலைவிலேயே உள்ளது. வில்லியம்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்ற பின்னர், மேரிலாந்து மாகாணத்தின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1899-இல் மருத்துவரானார்.

அக்கல்லூரி தொடங்கப்பட்டது 1893-இல்தான். போதிய நிதியின்றித் தாமதமான அதன் தொடக்கத்தைச் சாத்தியமாக்கியவர்கள் பால்டிமோர் நகரப் பெண்கள் சிலர். மேரி எலிசபெத் காரெட் என்ற செல்வந்தப் பெண்மணி பெருந்தொகை வழங்கியபோது, ஆண்களுக்கு இணையான நிபந்தனைகளில் பெண்களையும் மாணவர்களாகச் சேர்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அவ்வாறே பெண்களும் ஆண்களும் ஒரே வகுப்பறையில் மருத்துவம் கற்ற கல்லூரியில்தான் சாம்ப்சன் பயின்றார்.

அங்கு மகளிர் நோயியல் துறையை ஹோவர்டு கெல்லி வழிநடத்தினார். அறுவைக் கூடத்தில் அகற்றப்பட்ட ஒவ்வோர் உறுப்பையும் நுண்ணோக்கியின் கீழ் ஆராய்வது அத்துறையின் வழக்கம். அறுவை மருத்துவரே நோய்க்குறியியலையும் கற்றிருக்க வேண்டும் என்ற இப்பயிற்சியே சாம்ப்சனின் பிற்காலக் கண்டுபிடிப்புகள் அனைத்துக்கும் அடிப்படையாயிற்று.

அவர் பட்டம் பெற்ற அதே 1899-இல், ஹாப்கின்ஸ் மருத்துவர் வில்லியம் ரசல் வியப்புக்குரிய ஒன்றை அறிவித்தார். ஒரு பெண்ணின் சினைப்பைக்குள் கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசுவை அவர் கண்டிருந்தார். அத்திசு அங்கு எவ்வாறு வந்தது என்ற கேள்விக்கு அப்போது தெளிவான விடை இல்லை. அதே மருத்துவமனையின் தாமஸ் கல்லன், கருப்பையின் தசைக்குள்ளும் இடுப்புக்கூட்டின் பிற பகுதிகளிலும் இத்தகைய திசு வளர்வதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து பதிவு செய்தார்.

சிறுநீர்க் குழாயிலிருந்து தொடங்கிய ஆய்வு

சாம்ப்சனின் தொடக்கக்கால ஆய்வுகள் வேறு துறையில் அமைந்தன. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காகச் செய்யப்பட்ட பெரும் அறுவை சிகிச்சைகளில், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாய் சேதமடைவது அக்காலத்தில் பெரும் சிக்கலாக இருந்தது. அக்குழாய்க்கு இரத்தம் எவ்வழியே செல்கிறது, எந்த நாளங்களைக் காப்பாற்றினால் குழாய் பிழைக்கும் என்பதை அவர் நுணுக்கமாக ஆராய்ந்தார்.

1905-இல் பால்டிமோரை விட்டு ஆல்பனிக்குச் சென்றார். அங்குள்ள மருத்துவமனையில் அறுவை மருத்துவராகவும், ஆல்பனி மருத்துவக் கல்லூரியில் மகளிர் நோயியல் பேராசிரியராகவும் பணியாற்றினார். ஹாப்கின்ஸ் போன்ற பெரும் ஆய்வு மையத்தின் வசதிகள் அந்நகரில் இல்லை. எனினும், பகலில் அறுவை செய்த பெண்ணின் நோயைப் பின்னர் நுண்ணோக்கியில் தொடர்ந்து காணும் பழக்கத்தை அவர் கைவிடவில்லை.

கருப்பையின் இரத்த நாளங்களுக்குள் எக்ஸ் கதிரில் தெரியும் கலவையைச் செலுத்திப் படமெடுத்து அவற்றின் அமைப்பை வரையறுத்தார். 1912-இல் கருப்பைத் தசைக் கட்டிகளின் இரத்த ஓட்டம் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். கருப்பையின் வட்டத் தசைநாரினூடே செல்லும் சிறிய தமனி ஒன்று இன்றும் சாம்ப்சன் தமனி என்றே அழைக்கப்படுகிறது.

சாக்லேட் கட்டிகளின் புதிர்

அக்கால அறுவை மருத்துவர்கள் சினைப்பையில் ஒருவகைக் கட்டியை அவ்வப்போது கண்டுவந்தனர். அதைத் திறந்தால் உருகிய சாக்லேட்டைப் போன்ற கெட்டியான கரும்பழுப்பு நிறத் திரவம் வெளிப்படும். அது பழைய இரத்தம். அக்கட்டி பெரும்பாலும் கருப்பையின் பின்புறத்தோடும் குடலோடும் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலான மருத்துவர்கள் அதைச் சினைப்பையில் இயல்பாக நிகழும் இரத்தக்கசிவின் விளைவு என்றே கருதி அகற்றிவிட்டனர்.

சாம்ப்சன் அக்கட்டிகளின் சுவரை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அங்கே கருப்பையின் உட்படலத்தில் காணப்படும் அதே சுரப்பிகளும் அவற்றைச் சூழ்ந்த திசுவும் இருந்தன. மாதவிடாய்க் காலத்தில் அறுவை செய்யப்பட்டவர்களின் கட்டிகளில் அத்திசுவும் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கருப்பையில் மாதந்தோறும் நிகழ்வது சினைப்பைக்குள்ளும் நிகழ்கிறது என்பதும், வெளியேற வழியில்லாத இரத்தம் கட்டியாகத் தேங்குகிறது என்பதும் அதனால் புலனாயிற்று.

1921-இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை இக்கட்டிகளை விரிவாக விளக்கியது. கட்டி வெடிக்கும்போது அதன் உள்ளடக்கம் இடுப்புக்கூட்டில் சிந்துகிறது. சிந்திய இடங்களில் புதிய திசுத் திட்டுகள் வேர்கொள்கின்றன. அவற்றைச் சுற்றி உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மாதவிடாய் வலி, தாம்பத்திய உறவின்போது வலி, மலம் கழிக்கும்போது வலி, குழந்தைப்பேறின்மை எனப் பல்வேறு துன்பங்களுக்கு இதன்மூலம் உடற்கூற்று விளக்கம் கிடைத்தது. வெளியே தெரியாத வலி என்பதால் நரம்புத் தளர்ச்சியாகவும் மிகைப்படுத்தலாகவும் கருதப்பட்டு வந்த துன்பத்துக்குக் கண்ணால் காணத்தக்க சான்று ஒன்று கிடைத்தது.

பின்னோக்கிப் பாயும் இரத்தம்

சினைப்பைக்கு அத்திசு எவ்வாறு வந்தது என்ற கேள்வி எஞ்சியிருந்தது. மாதவிடாயின்போது அறுவை செய்யப்பட்ட பெண்களின் கருக்குழாய் முனைகளிலிருந்து இரத்தம் வயிற்றறைக்குள் கசிவதைச் சாம்ப்சன் கவனித்திருந்தார். மாதவிடாய் இரத்தத்தின் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கிப் பாய்ந்து, உயிருள்ள உட்படலத் துணுக்குகளைக் கொண்டுசென்று விதைப்பதாக அவர் 1927-இல் விரிவாக எழுதினார். அதே ஆண்டில், இத்துணுக்குகள் சிரைகள் வழியாகவும் பரவக்கூடும் என்று மற்றொரு கட்டுரையில் காட்டினார்.

இக்கருத்து எளிதில் ஏற்கப்படவில்லை. ஜெர்மனியின் ராபர்ட் மேயர், வயிற்றறை உறையின் உயிரணுக்களே உருமாறி அத்திசுவாகின்றன என்று வாதிட்டார். ஆஸ்திரியாவின் யோசஃப் ஹால்பன், நிணநீர் நாளங்கள் வழியே அது பரவுவதாகக் கருதினார். அமெரிக்காவிலேயே எமில் நோவாக் போன்ற செல்வாக்குமிக்க அறிஞர்கள் சாம்ப்சனின் விளக்கத்தை ஐயுற்றனர்.

சாம்ப்சன் இவ்விவாதங்களுக்கு மேலும் பல நோயாளிகளைக் கவனித்து, மேலும் பல திசு மாதிரிகளை ஆராய்ந்து விடையளித்தார். படங்களும் வரைபடங்களும் நிறைந்த நெடுங்கட்டுரைகளே அவருடைய வாதமுறையாக இருந்தன. 1940-இல், தம் கோட்பாடு உருவான வரலாற்றைத் தாமே தொகுத்து எழுதினார்.

புற்றுநோய்க்கு வகுத்த மூன்று விதிகள்

சினைப்பைப் புற்றுநோய் வயிற்றறையில் பரவும் விதத்தையும் சாம்ப்சன் தொடர்ந்து ஆராய்ந்தார். கட்டியிலிருந்து உதிரும் புற்றணுக்கள் வயிற்றறை உறையில் விதைபோல் விழுந்து முளைக்கின்றன. சாக்லேட் கட்டியிலிருந்து சிந்தும் திசுவும் ஏறத்தாழ அவ்வாறே பரவுகிறது. புற்றுநோயல்லாத ஒரு நோய் புற்றுநோயைப் போல நடந்துகொள்வதை அவர் இவ்விரு நோய்களையும் ஒப்பிட்டு விளக்கினார்.

இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பும் உண்டா என்பதே 1925-ஆம் ஆண்டுக் கட்டுரையின் பொருள். சினைப்பையில் தோன்றிய சில புற்றுக்கட்டிகள், கருப்பை உடலில் தோன்றும் புற்றுநோயை அமைப்பில் பெரிதும் ஒத்திருந்தன. அதே சினைப்பையில், அருகிலேயே, புற்றாக மாறாத எண்டோமெட்ரியோசிஸ் திசுவும் காணப்பட்டது. இடம்மாறிய உட்படலத் திசுவிலிருந்தே அப்புற்றுநோய் பிறந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

ஆயினும் அருகருகே இருப்பதை மட்டுமே சான்றாகக் கொள்ள அவர் ஒப்பவில்லை. அத்தொடர்பை ஒருவர் உறுதியாகக் கூறுவதற்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தார். புற்றுக்கட்டியின் அருகிலேயே எண்டோமெட்ரியோசிஸ் தெளிவாகக் காணப்பட வேண்டும். கருப்பை உட்படலத்துக்கே உரிய சுரப்பிகளும் அவற்றைச் சூழ்ந்த திசுவும் அங்கே இருக்க வேண்டும். புற்றுநோய் வேறோர் உறுப்பிலிருந்து வந்து பரவியதாக இராமல், அவ்விடத்திலேயே தோன்றியதாக இருக்க வேண்டும்.

1953-இல் ரோஜர் ஸ்காட் என்ற மருத்துவர் நான்காவது நிபந்தனை ஒன்றைச் சேர்த்தார். இயல்பான திசு புற்றுத் திசுவாக மாறும் இடைநிலைகள் ஒரே தொடராக நுண்ணோக்கியில் தெரிய வேண்டும் என்பது அது. இவ்வளவு கடுமையான விதிகளை நிறைவு செய்யும் நேர்வுகள் குறைவு. வேகமாக வளரும் புற்றுக்கட்டி தான் தோன்றிய திசுவையே அழித்துவிடுவதுண்டு என்பதால், இவ்விதிகள் உண்மை எண்ணிக்கையைக் குறைத்தே காட்டின.

மறைவுக்குப் பின் வந்த சான்றுகள்

சாம்ப்சன் 1946-ஆம் ஆண்டு டிசம்பரில், தமது 73-ஆம் வயதில் காலமானார். அவருடைய இரு முதன்மைக் கருத்துகளுக்கும் வலுவான சான்றுகள் அதன் பின்னரே ஒவ்வொன்றாகக் கிடைத்தன.

மாதவிடாய் இரத்தம் வயிற்றறைக்குள் செல்லுமாறு குரங்குகளின் கருப்பைப் பாதையை மாற்றியமைத்த ஆய்வை, ரிச்சர்டு டெலிண்டும் ரோஜர் ஸ்காட்டும் 1950-இல் வெளியிட்டனர். அக்குரங்குகளில் பாதிக்கு எண்டோமெட்ரியோசிஸ் தோன்றியிருந்தது. 1984-இல் வெளியான மற்றோர் ஆய்வு, கருக்குழாய்கள் திறந்துள்ள பெண்களில் சுமார் 90 சதவீதத்தினருக்கு மாதவிடாயின்போது இரத்தம் பின்னோக்கிப் பாய்வதைக் காட்டியது. இவர்களில் சிலருக்கு மட்டும் நோய் ஏன் வேர்கொள்கிறது என்பதற்கு நோயெதிர்ப்பு, மரபு, ஹார்மோன் காரணிகள் இன்று ஆராயப்படுகின்றன. ஆகவே சாம்ப்சனின் விளக்கம் பெருமளவு ஏற்கப்பட்டாலும், அதுவே முழு விடையாகக் கருதப்படுவதில்லை.

புற்றுநோய்த் தொடர்பைப் பொறுத்தவரை, 13 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றிணைத்த பெரும் பகுப்பாய்வு 2012-இல் வெளியானது. சினைப்பைப் புற்றுநோய் கண்ட சுமார் 8,000 பெண்களும், அந்நோயற்ற 13,000-க்கும் மேற்பட்ட பெண்களும் அதில் ஒப்பிடப்பட்டனர். எண்டோமெட்ரியோசிஸ் இருந்த பெண்களுக்குத் தெளிவணு வகைப் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகவும், எண்டோமெட்ரியாய்டு வகையின் வாய்ப்பு இரு மடங்காகவும் இருந்தது. சினைப்பைப் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படும் உயர்நிலை சீரஸ் வகையுடன் அப்பகுப்பாய்வில் தொடர்பு தென்படவில்லை.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், கனடா நாட்டு ஆய்வாளர்கள் தலைமையிலான குழு மரபணு அளவில் ஒரு சான்றைக் கண்டது. உயிரணு கட்டுப்பாடின்றிப் பெருகாமல் தடுக்கும் மரபணுக்களுள் ஒன்று ஏரிட்1ஏ. தெளிவணு வகைப் புற்றுக்கட்டிகளில் 46 சதவீதத்திலும், எண்டோமெட்ரியாய்டு வகையில் 30 சதவீதத்திலும் இம்மரபணு சேதமடைந்திருந்தது. இரு நோயாளிகளிடம், புற்றுக்கட்டிக்கு அருகிலிருந்த எண்டோமெட்ரியோசிஸ் திசுவிலும் அதே சேதம் காணப்பட்டது. அருகருகே அமைந்த இரு திசுக்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று 1925-இல் சாம்ப்சன் வகுத்த முறையே மரபணு ஆய்விலும் பின்பற்றப்பட்டது.

சாக்லேட் கட்டிக்குள் தேங்கும் பழைய இரத்தத்தில் இரும்புச்சத்து மிகுதி. அது தோற்றுவிக்கும் வேதிவினைகள் சுற்றியுள்ள உயிரணுக்களின் மரபுப்பொருளைத் தொடர்ந்து சேதப்படுத்துவது இம்மாற்றத்துக்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. நீடித்த அழற்சியும் ஈஸ்ட்ரஜன் ஹார்மோனின் தூண்டுதலும் பிற காரணிகளாகும்.

அச்சத்துக்கும் அலட்சியத்துக்கும் இடையே

2024-இல் வெளியான அமெரிக்காவின் யூட்டா மாகாண ஆய்வில், எண்டோமெட்ரியோசிஸ் கண்டறியப்பட்ட சுமார் 79,000 பெண்களின் பதிவுகள் ஆராயப்பட்டன. அவர்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட 4.2 மடங்காக இருந்தது. சாக்லேட் கட்டியோ, ஆழமாக ஊடுருவிய எண்டோமெட்ரியோசிஸோ இருந்தவர்களுக்கு அது 9.7 மடங்காக உயர்ந்தது.

இவ்வெண்கள் அச்சமூட்டுபவையாகத் தோன்றினாலும், அடிப்படை வாய்ப்பு மிகக் குறைவு என்பதை மருத்துவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். அதே ஆய்வின்படி, 10,000 பெண்களுக்குக் கூடுதலாக ஏற்பட்ட புற்றுநோய் நேர்வுகள் சுமார் 10 மட்டுமே. மேற்கத்திய நாடுகளின் தரவுகளின்படி, பொதுவாக 100 பெண்களில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோருக்கு வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் ஏற்படுகிறது. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களிலும் அது 100-க்கு இரண்டைத் தாண்டுவதில்லை என்பதே பரவலான கணிப்பு. இந்நோயுள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை.

ஆகவே, எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதை மட்டுமே காரணமாகக் கொண்டு சினைப்பைகளை அகற்றுவதை மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. இளம் வயதில் இரு சினைப்பைகளையும் இழப்பது எலும்புக்கும் இதயத்துக்கும் தீங்கானது. அறிகுறியற்ற பெண்கள் அனைவருக்கும் ஆண்டுதோறும் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சினைப்பைப் புற்றுநோய் இறப்பைக் குறைக்கவில்லை என்பதை, 2021-இல் முடிவுகள் வெளியான பிரிட்டனின் பெரும் ஆய்வு காட்டியது.

எனினும் சில அறிகுறிகளை அலட்சியப்படுத்தலாகாது. ஏற்கெனவே உள்ள சாக்லேட் கட்டி விரைவாகப் பெரிதாவது, ஸ்கேனில் கட்டிக்குள் இரத்த ஓட்டமுள்ள திடப்பகுதி தென்படுவது, மாதவிடாய் நின்ற பின்னர் கட்டி வளர்வது அல்லது வலி திரும்புவது ஆகியவை உடனடி ஆய்வுக்குரியவை. நீடித்த வயிற்று உப்புசம், சிறிது உண்டதுமே வயிறு நிறைந்த உணர்வு, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் தேவை ஆகியவை சில வாரங்கள் தொடர்ந்தாலும் மருத்துவரை அணுக வேண்டும். கருத்தடை மாத்திரைகளை நீண்டகாலம் பயன்படுத்தியோரிடம் சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும், அவை யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

சாம்ப்சன் விட்டுச்சென்ற பாடம்

மாதவிடாய் வலி பெண்கள் பொறுத்துக்கொள்ள வேண்டிய இயல்பான ஒன்று என்ற எண்ணம் இன்னும் மறையவில்லை. வலி தொடங்கிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே எண்டோமெட்ரியோசிஸ் கண்டறியப்படும் நிலை பல நாடுகளில் நீடிக்கிறது. அவ்வாண்டுகளில் பள்ளிக்கூடமும் வேலையும் தாய்மையும் பலருக்குக் கைநழுவிப் போகின்றன.

பெரும் ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாத நகரில், தம்மிடம் வந்த பெண்களின் வலிக்கு உடலில் ஒரு காரணம் இருக்கும் என்று நம்பி, அதை நுண்ணோக்கியில் தேடியவர் சாம்ப்சன். அவர் கண்ட தொடர்பு உண்மையானது என்பதையும், அது அரிதாகவே புற்றுநோயில் முடிகிறது என்பதையும் நூறாண்டு ஆய்வுகள் ஒருசேர நிறுவியுள்ளன. புற்றுநோய் அச்சம் ஒருபுறமிருக்க, மாதந்தோறும் முடக்கும் வலியே மருத்துவரை நாடப் போதுமான காரணம் என்பதை அவருடைய நோயாளிகளின் திசு மாதிரிகள் 1921-லேயே காட்டிவிட்டன.